தோள்பட்டைக்கு ஊசி போட்டாச்சு, அப்புறம்?

கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டை மாட்ட முடியவில்லை, தலை சீவ முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்தால் உயிர் போகிறது. ஃப்ரோசன் ஷோல்டர் வந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சி கண்டு, தடித்து, சுருங்கிவிடுகிறது. 40 முதல் 60 வயதுக்காரர்களிடம், அதிலும் சர்க்கரை உள்ளவர்களிடம் அதிகம்.

டாக்டர் ஸ்டீராய்டு ஊசி என்றதும் பலர் மிரண்டு, மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ஜிம்மில் தசை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டு வேறு, இது வேறு. ட்ரையாம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகள், நம் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசோல் வகையைச் சேர்ந்தவை, அழற்சியை அடக்குபவை. அதனால்தான் வலி தூக்கலாக இருக்கும் முதல் சில மாதங்களில் நன்றாக வேலை செய்கின்றன. வலி ஓய்ந்து வெறும் இறுக்கம் மட்டும் மிஞ்சியபின் போட்டால் பெரிய பலன் கிடைக்காது.

ஆனால் எல்லாத் தோள் வலிக்கும் இது மருந்தல்ல. கழுத்து நரம்பு அழுந்தினாலும் தோள் வலிக்கும். டாக்டர் பிடித்துத் திருப்பினாலும் கை வெளிப்பக்கம் திரும்பவில்லை என்றால் உறை இறுகியிருக்கலாம். அவர் தூக்கினால் கை போகிறது, நீங்களாகத் தூக்க முடியவில்லை என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம். பரிசோதனையும் எக்ஸ்ரேவும் இல்லாமல் "ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்காதீர்கள். இடது தோளோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது ஊசிக்கான நேரமே இல்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை விஷயத்தில்தான் அலட்சியம் அதிகம். "மூட்டில்தானே போடுறாங்க, ரத்தத்துக்கு என்ன?" என்று நினைக்கிறோம். மருந்தில் ஒரு பங்கு ரத்தத்திலும் கலக்கும். போட்ட மறுநாளே சர்க்கரை எகிறலாம். சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் அப்படியே நிற்கும். வழக்கமாகச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை மட்டும் பார்ப்பவர் அந்த நாட்களில் கூடுதலாகப் பார்க்க வேண்டும். மாத்திரையையோ இன்சுலினையோ எப்படி மாற்றுவது என்று முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நீங்களாகக் கூட்ட வேண்டாம். சர்க்கரை ஏற்கெனவே கட்டுக்கு அடங்காமல் இருந்தால் அதை மறைக்காதீர்கள். ஊசியைத் தள்ளிப்போடுவதே நல்லது என்று அவர் சொல்லக்கூடும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, உடலில் வேறெங்காவது சீழ் அல்லது காய்ச்சல், அடுத்த சில மாதங்களில் தோள் அறுவை சிகிச்சைத் திட்டம், இவற்றையும் சொல்லிவிடுங்கள்.

ஊசியில் பெரும்பாலும் மரத்துப்போகும் மருந்தும் கலந்திருக்கும். வீடு திரும்பும்போது வலியே இருக்காது, ராத்திரி திரும்ப வரும். ஒன்றிரண்டு நாள் முன்னைவிடக் கூடவும் வலிக்கலாம். உடனே "காசு போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டீராய்டு வேலையைக் காட்டச் சில நாள், ஒரு வாரம்கூட ஆகும்.

வலி குறைந்தபின் செய்யும் தவறுதான் என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரியது: பிசியோதெரபிக்குப் போகாமல் விடுவது. ஊசி தரும் நிம்மதி சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோதான். இறுகிய உறையை நீட்டும் பயிற்சிகளை வலி இல்லாமல் செய்யக் கிடைத்த அவகாசம் அது. குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களால் ஏறுவது, கம்பைப் பிடித்துக் கையை வெளிப்பக்கம் திருப்புவது, இவற்றைத் தினமும் செய்ய வேண்டும். ஊசிக்குத் தேதி வாங்கும் அன்றே பிசியோதெரபிஸ்டிடமும் வாங்கிவிடுவது உத்தமம். வலி இல்லையே என்று மறுநாளே தண்ணீர்க் குடம் தூக்குவதும் தப்பு. ஓரிரு நாள் பளு வேண்டாம்.

வலி திரும்பியதும் அடுத்த ஊசி, அதற்கடுத்தது என்று போகவும் கூடாது. குறைந்தது 3 மாத இடைவெளி, ஒரே மூட்டில் ஆண்டுக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான வழக்கம். மீறினால் தசைநார் பலவீனமாகும். ஊர் மாறி, டாக்டர் மாறிப் போட்டுக்கொள்பவர்கள் முந்தைய சீட்டைக் கையில் எடுத்துப்போக வேண்டும்.

மூட்டில் கிருமி தொற்றுவது அபூர்வம். இருந்தாலும் இரண்டு மூன்று நாளில் குறைய வேண்டிய வலி ஏறிக்கொண்டே போனால், தோள் சிவந்து வீங்கினால், காய்ச்சல் அடித்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.