குவேக்கர் ஆராதனைக்கு முதல்முறை போகிறீர்களா?

குவேக்கர்கள் கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்த ஒரு சமயக் குழுவினர். பிரிட்டனில் நான் போகும் குவேக்கர் கூட்டத்தில், வாசலில் நின்று கைகொடுத்து வரவேற்கும் பொறுப்பை முறைவைத்துப் பார்க்கிறோம். என் முறை வரும் ஞாயிறுகளில் புதியவர்கள் கேட்பது: "உள்ளே நான் என்ன செய்யணும்?"

கொஞ்சம் முன்னதாகவே வந்து உட்காருங்கள், போதும். ஆராதனை எப்போது ஆரம்பிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முதல் ஆள் வந்து அமைதியாக உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாயிற்று. போதகர் இல்லை, பாட்டு இல்லை, திருவிருந்தும் இல்லை. வட்டமாக நாற்காலிகள், நடுவே மேசை, அதன்மேல் பைபிளும் இன்னும் சில புத்தகங்களும். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கதவோரத்து இடத்தை மட்டும் தாமதமாக வருபவர்களுக்கு விட்டுவைத்தால் புண்ணியம். எந்த உடையும் சரிதான். குவேக்கர் ஓட்ஸ் டப்பாவில் சிரிக்கும் தொப்பிக்காரரைத் தேடாதீர்கள், அந்தக் கம்பெனிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை.

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்றும் நினைக்க வேண்டாம். குவேக்கர்கள் மிக அதிகமாக வாழும் கென்யாவில் போதகரும் உண்டு, பிரசங்கமும் உண்டு, பாட்டும் களைகட்டும்.

இங்கே ஒரு மணி நேர மௌனம். மனம் அலையும், அலையட்டும், மல்லுக்கட்டாதீர்கள். ஆனால் இது அவரவர் தனியாகச் செய்யும் தியானம் அல்ல, சேர்ந்து காத்திருப்பது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் அம்சம் உண்டு, நடுவில் பாதிரியார் தேவையில்லை என்று 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் சொன்னதிலிருந்து வந்த வழக்கம். அதனால்தான் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். நீங்களும்தான்.

பேசுவது எப்போது? வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு வராதீர்கள். ஏதாவது தோன்றினால், இது எனக்கு மட்டுமா, இங்கிருப்பவர்களுக்குமா என்று கேட்டுப்பாருங்கள். அடக்க அடக்க நெஞ்சு படபடக்கிறதா? எழுந்து, சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள். ஒருமுறை ஒரு பெரியவர் எழுந்து, "என் தம்பியோட பேசி ரொம்ப நாளாச்சு. இன்னிக்குப் பேசப்போறேன்" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு நெடுநேரம் யாருக்கும் பேசத் தோன்றவில்லை. காலைச் செய்தியை ஒப்பிப்பவர்களும் உண்டு. எனக்கு அது ஆகாது. அப்போதும் பதில் சொல்ல எழக்கூடாது. ஒருவர் பேசியதும் சில நிமிடமாவது விடவேண்டும். ஒரே ஆள் இரண்டாம் முறை எழுவதும் வழக்கமில்லை.

ஆராதனையைக் கவனித்துக்கொள்ளும் மூப்பர்கள் இருவர் கைகுலுக்கினால் ஆராதனை முடிந்தது. பக்கத்திலிருப்பவரோடு நீங்களும் கைகுலுக்குங்கள். பிறகு அறிவிப்புகள், டீ. டீக்கு அவசியம் இருங்கள். மௌனத்தில் கேட்க முடியாததையெல்லாம் அங்கே கேட்கலாம்.

நிர்வாகக் கூட்டத்திலும் ஓட்டெடுப்பு கிடையாது. கூட்டத்தை நடத்தும் கிளார்க் முடிவை அங்கேயே எழுதி வாசிப்பார்; மனங்கள் ஒன்றாகாவிட்டால் விஷயம் தள்ளிப்போகும். தன்பாலினத்தவர் திருமணத்தை பிரிட்டன் குவேக்கர்கள் 2009இல் ஏற்றதும் இந்த முறையில்தான். மெதுவான வழி, பொறுமை இல்லாதவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

உறுப்பினராகச் சொல்லி யாரும் நச்சரிக்க மாட்டார்கள். பல வருடம் சும்மா வந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். சேர விரும்பினால் ஒரு கடிதம் எழுதுங்கள். வழக்கமாக ஓரிருவர் வந்து உங்களோடு பேசுவார்கள். ஞானஸ்நானம் கிடையாது.