பழைய ரைடிங் மோவர்: தலைமுழுகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் புறநகரில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் புல்தரையோடு வீடு வாங்கியவர்கள் ஏப்ரலில் மாட்டிக்கொள்வார்கள். குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டி), சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிடும். வெளியே புல் நாளுக்கு நாள் உயர்கிறது. அந்த வாரமே ஹோம் டிப்போவுக்கோ லோவ்ஸுக்கோ போய் 2,000, 2,500 டாலர் கொடுத்துப் புதிது வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. பழையது ஏன் நின்றது என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. கோளாறு என்னவென்று பார்க்காமலே முடிவெடுப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

'டிக்' சத்தத்துக்குப் பெரும்பாலும் பேட்டரி முனையில் பூத்த உப்போ, சார்ஜ் இறங்கிய பேட்டரியோ, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சோலனாய்டோ காரணம். சத்தமே வராவிட்டால் சீட்டுக்கு அடியில், பிரேக் பெடலில், பிளேடு சுவிட்சில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சுகளைப் பாருங்கள். ஒன்று ஒத்துழைக்காவிட்டாலும் வண்டி கிளம்பாது. இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் போன வருஷத்துப் பெட்ரோல்மேல் சந்தேகப்படுங்கள். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கினால் கார்புரேட்டரில் பிசின் கட்டும். இவை எதுவும் வண்டியை மாற்றுவதற்கான காரணம் இல்லை.

பலரை ஏமாற்றும் கோளாறு இன்னொன்று. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் இதை அதிகம் பார்க்கலாம். சாவியைத் திருப்பினால் இன்ஜின் அரைச் சுற்று சுற்றி முட்டிக்கொண்டு நிற்கும். பேட்டரியை மாற்றுவார்கள், ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றுவார்கள், கடைசியில் 'இன்ஜின் ஜாம்' என்று முடிவு கட்டுவார்கள். பல நேரங்களில் பிரச்சினை வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவிலான இடைவெளிதான். கிளம்பும்போது சிலிண்டரின் அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விட, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டில் இருக்கும் ஒரு சின்ன அமைப்பு வால்வை மிக லேசாகத் தூக்கும். தேய்மானத்தால் இடைவெளி கூடிவிட்டால் அந்தத் தூக்கல் வால்வை எட்டாது. முழு அழுத்தத்தையும் எதிர்த்து ஸ்டார்ட்டர் திணறும். வால்வு கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, கையேடு சொல்லும் அளவுக்குத் திருகினால் தீர்ந்தது. இதே அமைப்பு இருப்பதால் சாதாரண கம்ப்ரஷன் டெஸ்ட் அளவு குறைவாகவே காட்டும். அதை நம்பி இன்ஜினுக்கு நாள் குறித்துவிடாதீர்கள். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் டெஸ்ட்தான் உண்மையைச் சொல்லும்.

நீல நிறப் புகையும் அப்படித்தான். ஆயில் அளவுக்கு மீறி ஊற்றியிருந்தாலும் புகையும், ஹெட் கேஸ்கெட் போனாலும் புகையும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் மட்டுமே செலவு பெரிது.

வண்டி நகரவில்லை என்றால் கியர் பெட்டியைத் திட்டும் முன் பின்பக்கத்தில் இருக்கும் தள்ளும் லீவரைப் பாருங்கள். யாராவது வண்டியைக் கையால் தள்ள அதை இழுத்துவிட்டு அப்படியே மறந்திருக்கலாம். அடுத்து டிரைவ் பெல்ட். இரண்டும் சரி, ஆனால் அரை மணி ஓடிச் சூடானதும் மேட்டில் ஏற மறுக்கிறது என்றால் விஷயம் நிஜமாகவே பெரியது. ஜான் டியரின் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இருக்கும் டஃப் டார்க் கே46 ஹைட்ரோஸ்டாட்டிக் பெட்டி (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டுவது) இதற்குப் பேர்போனது. அதில் ஆயில் வடிக்கும் திருகே கிடையாது. மாற்ற வேண்டுமானால் பெட்டியையே இறக்க வேண்டும். மேடு பள்ளமான நிலத்தில் அது சீக்கிரம் களைத்துவிடும். புதுப் பெட்டியின் விலை வண்டியின் இன்றைய மதிப்பைத் தாண்டும்போது விட்டுவிடுவதே புத்தி.

வயதை வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் தவறுதான். 15 வருஷ வண்டி நன்றாக ஓடலாம், 5 வருஷ வண்டி துருப்பிடித்துக் கிடக்கலாம். நான் பார்ப்பது இன்ஜின், கியர் பெட்டி, பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடான டெக் ஆகிய மூன்றைத்தான். பெல்ட், பிளேடு, பிளேடு சுழலும் அச்சான ஸ்பிண்டில், பேட்டரி, டயர் எல்லாம் தேய்வதற்கென்றே இருப்பவை. முதலில் சொன்ன மூன்றில் ஒன்று போனால் கணக்குப் போடலாம், இரண்டு போனால் கணக்கே வேண்டாம். டெக்கைத்தான் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஈரப் புல் அடியில் அப்பிக்கொண்டே இருந்தால் தகடு உள்ளிருந்து அரிக்கும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டில் பொருந்தும் இடத்தைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அங்கே ஓட்டை விழுந்தால், வேகமாகச் சுற்றும் பிளேடைத் தாங்க ஆளில்லை என்று அர்த்தம்.

செலவுக் கணக்கில் பாகத்தின் விலையை மட்டும் பார்ப்பார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கடைக்காரர் வந்து ஏற்றிப் போக ஒரு கட்டணம், கோளாறு பார்க்க ஒரு கட்டணம், அதன்மேல் மணிக்கூலி. வசந்தத்தில் கொடுத்தால் வாரக்கணக்கில் காத்திருப்பு வேறு. குளிர்காலத்தில் கொண்டுபோனால் அதே கடையில் நிதானமாகப் பார்ப்பார்கள்.

சரிசெய்யவே முடியாது என்று ஒதுக்கப்படும் பழைய கிராஃப்ட்ஸ்மேன் வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றை விற்ற சியர்ஸ் கடை 2018-ல் திவாலானதால் பாகம் கிடைக்காது என்று நினைத்துவிடுகிறார்கள். மாடல் எண் 917 என்று தொடங்கினால் அந்த வண்டியைத் தயாரித்தது ஹஸ்க்வர்னா அல்லது பின்னால் அதோடு சேர்ந்த நிறுவனம். ஹஸ்க்வர்னா, பூலன் புரோ பாகங்கள் பல அதில் அப்படியே பொருந்தும். டெக்கும்சே இன்ஜின் என்றால் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. அந்த நிறுவனம் இன்ஜின் தயாரிப்பை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன.

இன்ஜினை மட்டும் மாற்றத் துணிபவர்கள் மலிவு விலையைப் பார்த்துக் கிடைமட்டத் தண்டு கொண்டதை வாங்கிவிடுகிறார்கள். இந்த வண்டிகளில் தண்டு செங்குத்தாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். விட்டம் 1 அங்குலமா, நீளம் எவ்வளவு என்று பழையதை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். வயரிங் பொருந்துமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

புதியதே வாங்குவது என்று முடிவானால், போன வருஷம் பழையதுக்குக் கொட்டிய பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். அது எப்படியும் திரும்பாது. முடிந்தால் இலையுதிர் காலத்தில் வாங்குங்கள், கடைக்காரர்கள் இருப்பைக் கழிக்கும் நேரம் அது. குதிரைத்திறனை மட்டும் கேட்காமல் கியர் பெட்டி என்ன மாடல் என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால், தெரிந்த டீலரிடம் போங்கள். கால் ஏக்கர்தான் நிலம் என்றால் ரைடிங் மோவரே தேவையா என்றும் யோசிக்கலாம். பழையதைக் குப்பைக்கு அனுப்ப வேண்டியதில்லை. இன்ஜின் நல்லது, டெக் போச்சு என்று உள்ளதை உள்ளபடி எழுதி விற்பனைக்குப் போட்டால், பாகத்துக்காகவே வாங்கிப் போக ஆள் வரும்.