நாய்ச் சாப்பாட்டில் பரங்கிக்காய்: எங்கே தவறு நடக்கிறது?

அளவோடு கொடுத்தால் பரங்கிக்காய் நாய்க்கு ஒன்றும் செய்யாது. அதனுடன் நம் அடுக்களையிலிருந்து சேர்ந்து போகும் பொருள்கள்தான் வம்பு.

மதியம் வைத்த கூட்டோ பொரியலோ மிஞ்சினால், "காய்தானே, ஒரு வாய் சாப்பிடட்டும்" என்று தட்டில் போட்டுவிடுவார்கள். அதில் கிடக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையில் கொண்டுபோய் விடும். வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பதிலும் பயனில்லை, சாறு ஏற்கெனவே காயில் இறங்கியிருக்கும். நாய் உடனே சோர்ந்து விழவும் விழாது. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும். அதற்குள் அந்தக் கூட்டை வீட்டில் எல்லாரும் மறந்திருப்பார்கள். நாய்க்கான துண்டுகளைத் தனியே ஆவியில் வேகவையுங்கள். உப்பு, தாளிப்பு எதுவும் வேண்டாம்.

அப்புறம் அளவு. இணையத்தில் சொல்லும் "இரண்டு மூன்று மேசைக்கரண்டி" பெரிய நாய்களுக்கான கணக்கு. நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் ஷி சூ, மால்டீஸ் மாதிரிச் சின்ன இனங்கள்தான். ஐந்து கிலோ நாய்க்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி மசியல் போதும், அதையும் பாதியில் தொடங்குங்கள். நார்ச்சத்து அளவு மீறினால், வயிற்றுப்போக்கை நிறுத்தக் கொடுத்ததே வயிற்றுப்போக்கைக் கிளப்பிவிடும்.

தோல், காம்பு, விதை மூன்றையும் நீக்கிவிடுங்கள்; சின்ன நாய்க்குத் தொண்டையிலோ குடலிலோ சிக்கலாம். வெந்த காயை நீங்களே கொஞ்சம் ருசித்துப் பாருங்கள். கசந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான்.

டின்னில் வாங்குவதானால் பரங்கிக்காய் மட்டும் உள்ளதா என்று பாருங்கள். பம்ப்கின் பை (pumpkin pie) என்ற இனிப்புப் பண்டம் செய்வதற்கான டின்னில் சர்க்கரையும் ஜாதிக்காயும் கலந்திருக்கும், பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள்.

நம் ஊர் வெக்கையில் கலந்த சாப்பாடு கிண்ணத்திலேயே கிடந்தால் சீக்கிரம் கெடும். இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். மசியலைக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் வேண்டும்போது ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

கோழி, சோறு, பரங்கிக்காய் மூன்றையும் கலந்து தினமும் அதையே முழுச் சாப்பாடாகக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். வயிறு சரியில்லாத ஓரிரு நாளுக்குச் சரி. மாதக்கணக்கில் ஓட்டினால் சுண்ணாம்புச்சத்து போதாமல் எலும்பு பலவீனமாகும், குட்டிகளுக்கு இன்னும் மோசம். வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவு செய்தால், என்ன சேர்க்க வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ள நாய்க்கு ஒரு தேக்கரண்டி பரங்கிக்காய் கூட அவரைக் கேட்டுத்தான். மலத்தில் இரத்தம், கூடவே வாந்தி, அல்லது ஒரு நாளைத் தாண்டிய பேதி என்றால் மசியலைத் தேடாமல் கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.