அடுத்த கொள்ளைநோய்க்கு முன் குடும்பத்தின் மருத்துவக் காப்புறுதியைச் சரிபார்ப்பது எப்படி?

கொவிட்-19 பரவிய 2020ஆம் ஆண்டில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால அனுமதி அட்டை உடையோர் ஆகியோரின் கொவிட் சிகிச்சைக் கட்டணத்தை அரசாங்கமே ஏற்றது. பழக்கமில்லாத நோயின் அச்சத்தோடு பணக் கவலையும் சேர்ந்து மக்களை வாட்டக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் அது நிலையான ஏற்பாடு அன்று. தகுதியிருந்தும் தடுப்பூசி போட மறுத்தவர்களிடம் 2021 டிசம்பர் 8 முதல் கட்டணம் கேட்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் மற்ற நோய்களைப் போலவே மானியம், மெடிஷீல்டு லைஃப் எனும் அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதி, மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் செலுத்தும் நிலை வந்தது. ஆகவே, காப்புறுதியை நோயில்லாத நாள்களிலேயே பார்த்து வைக்க வேண்டும்.

முதலில், வீட்டில் இருப்பவர்களின் பெயர்களையும் அவர்களுடைய குடியுரிமை நிலையையும் எழுதிக்கொள்ளுங்கள். 2015 நவம்பர் 1 அன்று தொடங்கிய மெடிஷீல்டு லைஃப், குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும், ஏற்கெனவே நீரிழிவோ இதய நோயோ இருந்தாலும், வாழ்நாள் முழுவதும் உள்ளடக்குகிறது. நீண்டகால வருகை அனுமதியில் தங்கியிருக்கும் பெற்றோருக்கோ துணைவருக்கோ அது கிடையாது. அவர்களுக்குத் தனியார் காப்புறுதியைத்தான் நாட வேண்டும்.

அடுத்து, அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வழியாக மத்திய சேம நிதிக் கழகத்தின் இணையத்தளத்தில் நுழைந்து, மெடிஷீல்டு லைஃப் சந்தா செலுத்தப்பட்டுள்ளதா, மெடிசேவில் போதிய இருப்பு உள்ளதா என்று பாருங்கள். தமிழ் மட்டுமே படிக்கும் மூத்தோர் பலர் அங்கிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறார்கள். அருகில் அமர்ந்து அவற்றைப் படித்துச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியின் கணக்கில் பணம் குறைவாக இருந்தால், பிள்ளைகள் தங்கள் மெடிசேவிலிருந்து அவர்களின் சந்தாவைக் கட்டலாம்.

மெடிஷீல்டு லைஃப் எதற்கு உதவும் என்பதில்தான் குழப்பம் அதிகம். பொது மருத்துவமனைகளின் மானியம் பெறும் பி2, சி வகுப்புப் படுக்கைப் பிரிவுகளின் கட்டணத்தை ஒட்டி அது வகுக்கப்பட்டது. உயர்ந்த வகுப்பையோ தனியார் மருத்துவமனையையோ தேர்ந்தெடுத்தால் கட்டணத்தின் சிறு பகுதிக்கே அது ஈடுகொடுக்கும். ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகையை முதலில் நாம் ஏற்று, அதற்கு மேற்பட்டதில் 3 முதல் 10 விழுக்காட்டையும் செலுத்த வேண்டும். இவ்விரண்டுக்கும் வரம்புக்கு உட்பட்டு மெடிசேவைப் பயன்படுத்தலாம். சளி, காய்ச்சலுக்காக மருந்தகம் செல்லும் செலவு இதில் அடங்காது. அந்தச் செலவைக் குறைக்க, தொற்றுக் காலத்தில் மானியச் சிகிச்சை தரும் பொதுச் சுகாதார ஆயத்தநிலை மருந்தகங்கள் 2020 பிப்ரவரியில் இயக்கப்பட்டன. சுவாச நோய் அறிகுறியோடு சென்ற குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 10 வெள்ளியும், மூத்த குடிமக்களான முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையினர் 5 வெள்ளியும் கொடுத்தார்கள். உங்கள் புளோக்கிற்கு அருகில் அத்தகைய மருந்தகம் எது என்று இப்போதே அறிந்து வையுங்கள்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருடைய மருத்துவக் காப்புறுதி உங்கள் பொறுப்பு. 2023 ஜூலை 1 முதல் தொடங்கும் அல்லது புதுப்பிக்கப்படும் காப்புறுதியின் ஆண்டு வரம்பு குறைந்தது 60,000 வெள்ளியாக இருக்க வேண்டும். 15,000 வெள்ளிக்கு மேற்பட்ட தொகையில் 25 விழுக்காட்டை முதலாளி ஏற்க வேண்டும்.

தொற்றுக் காலத்தில் ஊருக்குப் புறப்படும் முன் அரசாங்கத்தின் பயண ஆலோசனையைப் படியுங்கள். 2020 மார்ச் 27 முதல் ஆலோசனையை மீறி வெளிநாடு சென்று, திரும்பிய 14 நாள்களுக்குள் அறிகுறி தோன்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மானியமற்ற கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. மெடிஷீல்டு லைஃபும் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை.

மருத்துவமனையே மெடிஷீல்டு லைஃப் கோரிக்கையை அனுப்பிவிடும். அதற்குப் பிறகும் மீதியைக் கட்ட முடியாத குடிமக்கள், வீடு திரும்புவதற்கு முன்பே பொது மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைச் சந்தித்து, 1993 முதல் இயங்கும் அரசாங்க உதவி நிதியான மெடிஃபண்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.