பாத்ரூம், அடுக்களை டைல்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைல்ஸ் கடையில் நிறம் பார்க்கவே அரை நாள் போய்விடுகிறது. ஆனால் பாத்ரூம் தரைக்கு வாட்டம் எவ்வளவு என்று மேஸ்திரியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. குடிவந்த பிறகு தினமும் உயிரை வாங்குவது அதுதான்.

எட்டடி நீள பாத்ரூம் என்றால் தண்ணீர் போகும் ஓட்டையை நோக்கி ஒன்று முதல் ஒன்றேகால் அங்குலம் இறக்கம் வேண்டும். இதை அடித்தளக் கலவையிலேயே கொண்டுவர வேண்டும். டைல்ஸ் ஒட்டும்போது சரிபண்ணிக்கொள்ளலாம் என்றால் நடக்காது. இரண்டுக்கு இரண்டு பெரிய டைல்ஸ் தரையில் அழகுதான், ஆனால் நாலு பக்கமும் ஓட்டைக்குச் சரியாது. ஒன்றுக்கு ஒன்று, சொரசொரப்பானது போதும். கிரவுட் (டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கலவை) போடுவதற்கு முன், ஒட்டியது இறுகியதும், ஒரு வாளித் தண்ணீரை வாசல் பக்கமிருந்து ஊற்றிப் பாருங்கள். கிளாசெட்டுக்குப் பின்னால் தேங்கி நின்றால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

டைல்ஸ் போட்டால் தண்ணீர் இறங்காது என்று நினைப்பது இன்னொரு தவறு. இடைவெளி வழியே இறங்கும். ஆடி மழை, ஐப்பசி மழை இரண்டும் பெய்கிற ஊர்களில் சுவர் காய்வதே அபூர்வம். மாடி பாத்ரூமுக்கு வாட்டர்புரூஃபிங் பூசாமல் விட்டால் கீழறைக் கூரை காட்டிக்கொடுத்துவிடும். பூசி, காய்ந்தபின், ஓட்டையை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே டைல்ஸ்.

சுவருக்கான செராமிக் டைல்ஸைச் சிமெண்டில் பதிப்பதாக இருந்தால் குமிழி அடங்கும்வரை ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. கண்ணாடிபோல் இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் நேரெதிர்: தண்ணீரே குடிக்காது, அதனால் வெறும் சிமெண்ட் பிடிக்காது, டைல் பசைதான் வேண்டும். பசைக்கு ஊறவைக்கவும் கூடாது.

டைல்ஸின் நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் ஒவ்வொரு உருண்டை கலவை வைத்து அமுக்கிவிடுவது வேலையைச் சீக்கிரம் முடிக்கிற வழி. நாணயத்தால் தட்டினால் பொள்ளலாகக் கேட்கும். அடுக்களையில் ஒரு தேங்காய் கைதவறி அந்த இடத்தில் விழட்டும், விரிசல் தெரியும்.

கடற்கரை ஊர்களில் உப்புக்கரிக்கும் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்டால் பிறகு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். குடிக்கிற தண்ணீரையே ஊற்றச் சொல்லுங்கள்.

இடைவெளியே விடாமல் ஒட்டச் சொல்வதும் வேண்டாம். ஸ்பேசர் என்ற சின்ன பிளாஸ்டிக் துண்டை நடுவில் வைத்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் விடுங்கள். அடுப்புக்குப் பின்னால் வெள்ளைச் சிமெண்ட் அடைத்தால் மீன் பொரிக்கும் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து மாதக்கணக்கில் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கும் குளிக்கும் இடத்திலும் சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்ஸி கிரவுட், விலை கூடினாலும் சரி.

அப்புறம், பெட்டி மேலிருக்கும் பேட்ச் எண் எல்லாம் ஒன்றா என்று இறக்கும்போதே பாருங்கள். பத்து சதவீதம் கூட வாங்குங்கள், மீந்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நாளை குழாய்க்காக ஒரு டைல்ஸ் உடைக்க வேண்டி வந்தால், அதே நிறம் கடையில் கிடைக்காது.