எட்டு மணி நேரம் முடித்தாச்சு, அப்புறம் என்ன? அமெரிக்காவில் வலி சிகிச்சைக் கல்வி விதிகளில் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் பிராக்டிஸ் பண்ணும் நம் ஊர் டாக்டர்களிடம் வலி சிகிச்சைக்கான கட்டாயப் படிப்பு பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அதான் அந்த எட்டு மணி நேரத்தை முடிச்சாச்சே" என்று பதில் வரும். லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் வரும் சிக்கல்கள் பலவற்றுக்கு இந்தப் பதில்தான் காரணம்.

அந்த எட்டு மணி நேரம் மத்திய அரசு கேட்பது. 2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் மேட் சட்டம் என்ற பகுதியும் சேர்ந்து வந்தது. அதன்படி 2023 ஜூன் 27 முதல், கட்டுப்பாட்டு மருந்துகளை (அடிமையாக்கும் அபாயம் இருப்பதால் சட்டம் கட்டுப்படுத்தும் மருந்துகள்) எழுத, மத்திய போதைமருந்து அமலாக்கத் துறையான டிஇஏவின் பதிவு வாங்குபவரும் புதுப்பிப்பவரும் எட்டு மணி நேரப் பயிற்சி பெற்றதாக உறுதி சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவர்களுக்கு மட்டும் விலக்கு. ஆனால் பயிற்சியின் பாடம் எது என்று பாருங்கள்: ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்துகள்) உள்ளிட்ட போதைப் பழக்க நோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சை தருவது. பல் மருத்துவர்களுக்குப் பல் வலிக்கான மருந்துகளைப் பாதுகாப்பாகக் கையாளும் பாடமும் கணக்கில் சேரும். மற்றவர்களுக்கு, போதைப் பழக்கத்தைத் தொடாமல் முதுகு வலி, மூட்டு வலி, நரம்பு வலி என்று மட்டும் பேசும் கோர்ஸை இந்த எட்டில் சேர்ப்பது ஆபத்தான கணக்கு.

மாநிலம் கேட்பது தனி. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதுதான் தலைவலி. கலிஃபோர்னியாவில் வலி சிகிச்சை, இறுதிக்காலப் பராமரிப்பு இரண்டும் சேர்த்து 12 மணி நேரம், ஒரே ஒரு முறை. இரண்டாவது ரெனியூவலுக்குள் அல்லது நான்கு ஆண்டுக்குள், எது முந்துகிறதோ அதற்குள். ரேடியாலஜி, பேத்தாலஜிக்காரர்களுக்கு இது கிடையாது. மிச்சிகனில் மூன்று ஆண்டுக்கு 150 மணி நேரம் சிஎம்இ (தொடர் மருத்துவக் கல்வி), அதில் குறைந்தது மூன்று மணி நேரம் வலி பற்றி, ஒவ்வொரு சுற்றிலும். பென்சில்வேனியாவில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் 12 மாதத்துக்குள் நான்கு மணி நேரம் முடிக்க வேண்டும்; அதன் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு. ஃப்ளோரிடாவில் கட்டுப்பாட்டு மருந்து எழுதுவது பற்றி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம். நியூயார்க்கில் ரெசிடென்சி முடித்து, மிச்சிகனில் வேலை கிடைத்து, பிறகு குடும்பத்தோடு பென்சில்வேனியா போகும் நம்மவர் நிறைய. ஒவ்வொரு மாற்றத்திலும் விதி முதலிலிருந்து தொடங்கும்.

மாநிலங்களுக்கிடையிலான லைசென்ஸ் ஒப்பந்தம் வழியாகப் போனால் இதெல்லாம் தேவையில்லை என்று நினைப்பதும் தவறுதான். அந்த வழியில் விண்ணப்பிப்பது சுலபமாகிறது, அவ்வளவுதான். கைக்கு வருவது ஒவ்வொரு மாநிலத்தின் தனி லைசென்ஸ், அதற்கேயுரிய படிப்புக் கணக்கோடு. டிஇஏ பதிவும் அப்படியே: எந்தெந்த மாநிலத்தில் அந்த மருந்துகளை எழுதுகிறீர்களோ அத்தனைக்கும் தனித்தனிப் பதிவு, மூன்று ஆண்டுக்கு 888 டாலர் வீதம். ஒரே ஆறுதல், எட்டு மணி நேரப் பயிற்சி வாழ்நாளில் ஒரு முறை போதும். மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் படிக்கச் சொல்லமாட்டார்கள்.

தேவையில்லாமல் படிப்பவர்களும் இருக்கிறார்கள். ஓபியாய்டு பழக்கத்துக்கான சிகிச்சை மருந்தான புப்ரெனார்ஃபின் எழுத முன்பு எக்ஸ் வேவர் என்று ஒரு தனி அனுமதி வேண்டியிருந்தது. அதே 2022 சட்டம் அதை நீக்கிவிட்டது. ஆனால் அதற்காக அப்போது பெற்ற பயிற்சி எட்டு மணி நேரத்தில் கணக்காகும். சட்டம் வருவதற்கு முன் முடித்த வேறு தகுதியான கோர்ஸும் சேரும். ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் உட்கார வேண்டியதும் இல்லை, ஒன்று இரண்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய சான்றிதழைத் தேடி எடுப்பதை விட்டுவிட்டுப் புதுக் கோர்ஸுக்குப் பணம் கட்டுவது வீண் செலவு.

இதற்கு நேரெதிர்த் தவறு நம் ஊரில் எம்பிபிஎஸ் படித்தவர்களுக்கே உரியது. கடந்த ஐந்து ஆண்டுக்குள் பட்டம் பெற்று, பாடத்திட்டத்திலேயே இந்த எட்டு மணி நேரம் இருந்திருந்தால் விலக்கு உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டிருப்பார்கள். விதியில் கூடவே இன்னொரு சொற்றொடர் இருக்கிறது: அமெரிக்காவில் உள்ள கல்லூரி. சென்னையிலோ மதுரையிலோ தஞ்சாவூரிலோ பட்டம் வாங்கியவருக்கு இந்தக் கதவு திறக்காது. அடிக்ஷன் மெடிசினிலோ அடிக்ஷன் சைக்கியாட்ரியிலோ போர்டு சான்றிதழ் இருந்தால் விலக்குக் கிடைக்கும், அது வேறு வழி. ஊருக்கு லீவில் போனபோது கலந்துகொண்ட கருத்தரங்கில் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தந்த கிரெடிட் மணி நேரத்தையும் இதில் சேர்க்கப் பார்ப்பவர்கள் உண்டு. பயிற்சியை யார் நடத்தலாம் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. அந்த அங்கீகாரம் இல்லாத சான்றிதழுக்கு இங்கே மதிப்பில்லை. தமிழ்ச் சங்க மாநாட்டில் நடக்கும் மருத்துவ அமர்வுக்கும் இதே கேள்விதான்: அங்கீகாரம் யாருடையது, எத்தனை மணி நேரம், எந்தத் தலைப்பு.

நியூயார்க்கில் சறுக்கும் இடம் வேறு. அங்கே டிஇஏ பதிவு உள்ளவர்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மூன்று மணி நேரம் படிக்க வேண்டும். முதல் முறை முடிக்கக் கெடு 2017 ஜூலை 1ஆக இருந்தது. வலி சிகிச்சை, திடீரென வரும் குறுகிய கால வலி, மருந்து எழுதும் முறை, வேதனையைத் தணிக்கும் பேலியேட்டிவ் மருத்துவம், அடிமைத்தனத்தைத் தடுப்பதும் கண்டுபிடிப்பதும், அதற்கான சிகிச்சை, இறுதிக்காலப் பராமரிப்பு, மாநில, மத்தியச் சட்டம் என எட்டுத் தலைப்பும் அதற்குள் வந்தாக வேண்டும். பலரும் நல்லபடியாகவே படித்துவிடுகிறார்கள். சான்றிதழை கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். படித்ததைச் சுகாதாரத் துறையின் ஹெல்த் காமர்ஸ் தளத்தில் நுழைந்து தனியாக உறுதிப்படுத்த வேண்டும் என்பது மறந்துபோகிறது. லைசென்ஸ் ரெனியூவல் நடப்பது வேறு துறையில்; அங்கே கட்டணம் கட்டி முடித்தால் இதுவும் முடிந்தது என்று ஆகாது. மருத்துவமனையின் டிஇஏ எண்ணில் மருந்து எழுதும் ரெசிடென்ட்டும் இந்த விதிக்குள் வருவார்.

டிஇஏ படிவத்தில் இருப்பது ஒரே ஒரு கட்டம்தான். டிக் பண்ணினால் போதும், சான்றிதழைப் பதிவேற்றச் சொல்வதில்லை. இந்தச் சுலபம்தான் வினை. "இப்போ டிக் பண்ணிடுவோம், அடுத்த வாரம் முடிச்சுடலாம்" என்று செய்தால், மத்திய அரசு விண்ணப்பத்தில் பொய் சொன்னதாகும். பதிவையே ரத்து செய்ய அது ஒன்றே போதுமான காரணம். டிக் பண்ணும் முன் சான்றிதழ் கையில் இருக்கட்டும்: பெயர், தேதி, மணி நேரம், தலைப்பு, அங்கீகாரம் தந்த அமைப்பு, ஐந்தும் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

இனி எனக்கு அதிகக் கவலை தரும் விஷயம். மணி நேரத்தை நிரப்ப எது மலிவோ, எது சீக்கிரம் முடியுமோ அதை எடுப்பது வழக்கமாகிவிட்டது. அப்படி எடுக்கும் கோர்ஸ், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2016இல் தந்த ஓபியாய்டு வழிகாட்டுதலையே இன்னும் ஒப்பித்துக்கொண்டிருந்தால் படித்தது நோயாளிக்குக் கெடுதல். நாள்பட்ட வலிக்கு ஒரு நாளைக்கு 90 எம்எம்இ, அதாவது மார்ஃபின் கணக்கில் 90 மில்லிகிராம் அளவை எட்டுவதைத் தவிருங்கள், எட்டுவதானால் தக்க காரணம் இருக்கட்டும் என்றது அது. ஆரம்ப சிகிச்சை டாக்டர்களுக்கான ஆலோசனை. இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சில மாநிலங்களும் அதைத் தாண்டக்கூடாத கோடாக மாற்றின. பல ஆண்டாக ஒரே டோஸில் நிதானமாக இருந்தவர்களுக்குத் திடீரென்று மருந்து வெட்டப்பட்டது. 2019 ஏப்ரலில், மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் எஃப்டிஏவே எச்சரித்தது: உடல் பழகிப்போனவருக்குச் சட்டென்று நிறுத்தினால் விலகல் அறிகுறி, கட்டுக்கடங்காத வலி, மன வேதனை, தற்கொலை வரை போகிறது. 2022 நவம்பரில் வந்த திருத்தப்பட்ட வழிகாட்டுதல், பரிந்துரைகளிலிருந்து அந்த 90ஐ எடுத்துவிட்டது. இதை வளையாத சட்டமாக்க வேண்டாம் என்றும் சொன்னது.

மற்ற ஓபியாய்டுகளை மார்ஃபின் அளவாக்கும் மாற்றுக் கணக்கும் மாறியது. ட்ரமடால் என்ற வலி மருந்தின் பெருக்கெண் முன்பு 0.1, இப்போது 0.2. ஐம்பது மில்லிகிராம் மாத்திரையை நாளைக்கு நான்கு முறை போடுபவருக்குப் பழைய கணக்கில் 20 எம்எம்இ, புதிய கணக்கில் 40. இன்னொரு ஓபியாய்டான ஹைட்ரோமார்ஃபோன் 4லிருந்து 5க்குப் போயிருக்கிறது. கோர்ஸில் சேரும் முன் அது எந்த ஆண்டு தயாரானது என்று பாருங்கள். பாடத்தில் ட்ரமடாலுக்கு 0.1 என்று கண்டால் மூடிவிட்டு வேறு தேடலாம்.

அதற்காக எண்களே வேண்டாம் என்ற முடிவுக்கும் போய்விடக் கூடாது. சிடிசி சொல்வது ஆலோசனை. எத்தனை நாளுக்கு மருந்து எழுதலாம் என்று மாநிலச் சட்டம் போட்ட வரம்பு அப்படியே இருக்கிறது. புதிதாகத் திடீரென வந்த குறுகிய கால வலிக்கு ஓபியாய்டு எழுதினால் நியூயார்க்கிலும் மிச்சிகனிலும் ஏழு நாள், நியூஜெர்சியில் முதல் சீட்டு ஐந்து நாள், ஃப்ளோரிடாவில் மூன்று நாள், உரிய காரணத்தை எழுதினால் ஏழு. வேறு மாநிலத்து விதியை விளக்கும் பாடத்தைப் படித்துவிட்டு உங்கள் கிளினிக்கில் மருந்து எழுதுவது எங்கே கொண்டு விடும் என்று சொல்லவே வேண்டாம்.

நர்ஸ்கள் பலர் இந்த எட்டு மணி நேரச் செய்தியைப் பார்த்துத் தேவையில்லாமல் பதறினார்கள். ஆர்என்களுக்கு (மருந்து எழுதும் அதிகாரம் இல்லாத பதிவு பெற்ற நர்ஸ்கள்) டிஇஏ எண் கிடையாது, ஆகவே மேட் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனருக்கு உண்டு. ஆனால் மிச்சிகனில் சாதாரண ஆர்என்னுக்கும் இரண்டு ஆண்டுக்கு 25 மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் வலி பற்றியதாக இருந்தே ஆக வேண்டும். பொதுவான கோர்ஸாலேயே இருபத்தைந்தையும் நிரப்பிவிட்டு இதைக் கோட்டை விடுபவர் உண்டு.

கடைசியாக ஒரு சின்னச் சங்கதி. டிஇஏ நினைவூட்டல் பதிவில் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். வேலை மாறியவருக்கு அது பழைய ஆஸ்பத்திரி முகவரியாக இருக்கும். கெடு முடிந்தபின் புதுப்பிக்க ஒரு மாதம் தருகிறார்கள், ஆனால் புதுப்பிக்கும் வரை கட்டுப்பாட்டு மருந்து எழுதக் கூடாது. அதையும் தவறவிட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான், 888 டாலரும் புது எண்ணுமாக.