விளக்குத் திரி கருகாமல் நின்று எரிய

பஞ்சுத் திரியை ஏற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே எண்ணெயில் முழுவதும் அமிழ்த்தி ஊறவிட்டால், அது சீக்கிரம் கருகாமல் சுடர் நின்று எரியும். எரிவது பஞ்சன்று, அதன் நுண்ணிய இடைவெளிகள் வழியே ஏறிவரும் எண்ணெய்தான் என்பதால், எண்ணெய் வந்து சேராத உலர்ந்த நுனியில்தான் பஞ்சே தீய்கிறது. சென்னையின் கடற்காற்றில் ஈரம் ஏறிய பஞ்சு எண்ணெயை இன்னும் மெதுவாகவே இழுக்கும் ஆகையால், திரிகளை முதலில் வெயிலில் காயவைப்பது மிகவும் நல்லது. விளக்கெண்ணெய் கெட்டியானது, அதற்குத் தளர்வாகத் திரித்ததே ஏற்றது.

பாலியெஸ்டர் கலந்த நூல் திரி உருகிச் சுருளுமாதலால் அதற்கு இது உதவாது. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்க்கும் பொருந்தாது: ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது உறைந்துவிடுவதால், எண்ணெயை உருக்கிய பின்னரே திரியை இட வேண்டும்.